கணினித் தேடலும் தமிழ் அகரவரிசையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், திருக்கோவிலூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தென்பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலர் கல்லைக் கண்டவர்கள், தமிழைப் பற்றிய எந்தப் பேச்சையும் கபிலரிடமிருந்து தொடங்குவதே முறை என்பர். பாரி மறைந்தபின் அவன் மகளிர்க்கு ஒரு வழி செய்துவிட்டுக் கபிலர் இவ்வூரில் உயிர் துறந்த செய்தியை, வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகின்றது. அப்பெரும்புலவர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, 99 பூக்களின் பெயர்களை ஓரிடத்தில் அடுக்கிச் சொல்வது. தமிழிலக்கியத்தில் உள்ள பெயர்ப்பட்டியல்களுள் இதனினும் புகழ் பெற்றது வேறொன்று இல்லை எனலாம்.

அப்பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முற்பட்டபோது, கிடைத்த ஏடுகளில் இப்பூக்களுள் சிலவற்றின் பெயர்கள் விடுபட்டிருந்தன. தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்த பின்னரே பட்டியல் நிறைவுற்றது. பத்துப்பாட்டு 1889-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. ஏட்டில் உதிர்ந்த பெயரை மீட்க ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்தார். இன்று ஏடு சிதையவில்லை, பெயரும் உதிரவில்லை. ஆயினும், கணினிப் பட்டியலில் உள்ள பெயர், தேடுவோன் கண்ணுக்கு அகப்படாமல் போகும் நிலை ஏற்பட்டுள்ளது. அது ஏன் ஏற்படுகின்றது, எவ்வாறு நீக்குவது என்பனவே இவ்வுரையின் பொருள்.

அகரவரிசை வந்த வழி

பழந்தமிழர் சொற்களைத் தொகுத்தபோது அகரவரிசையை நாடவில்லை. திவாகரம் முதலிய நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் எனப் பொருள்வகையால் சொற்களைத் தொகுத்தன. சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி, பல பொருள் ஒருசொற்களை எதுகை முறையில் அடுக்கியது. மனப்பாடம் செய்வோர்க்கு இவ்வரிசைகள் துணை செய்தன; தேடிப் பார்ப்போர்க்கு அவை துணை செய்யவில்லை.

1594-இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களின் முதலெழுத்தை அகரவரிசையில் வைத்துப் புதுவழி கண்டது. 'அகராதி' என்னும் பெயரே அகரத்தை ஆதியாக உடையது என்று பொருள்படுவது. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளாக அமைந்து, பிற்கால அகராதிகளுக்கு வழிகாட்டிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை இவ்வொழுங்கில் நிறுத்தியது. இங்ஙனம் மூன்றரை நூற்றாண்டு உழைப்பால் நிலைபெற்றது தமிழ் அகரவரிசை. ஒரு சொல் எங்கே இருக்கும் என்பதைத் தமிழறிந்தோன் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னரே உணர்கின்றான். அவ்வுணர்வே தேடலின் அடிப்படை.

எழுத்துமுறையின் காரணம்

தமிழ் எழுத்துகளின் வரிசை வாளா அமைந்ததன்று. அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எழுத்துகளைத் தொல்காப்பியர் கூறினார். எழுத்துகள் இவ்வாறு நிற்பதற்குச் சிறப்பும் இனமும் காரணம் என்று நன்னூலார் விளக்கினார். க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என வல்லெழுத்தை அடுத்து அதன் இன மெல்லெழுத்து நிற்கின்றது. அவற்றின்பின் ய, ர, ல, வ, ழ, ள என்னும் இடையெழுத்து ஆறும் வருகின்றன. இறுதியில் ற-ன என்னும் இணை நிற்கின்றது. ஆதலின் றகரமும் னகரமும் கடைசியில் நிற்பது தற்செயல் அன்று. இரண்டும் ஓரினமாய்ச் சேர்ந்து நிற்கின்றன.

கணினியில் எழுத்து எண்ணாதல்

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆதலின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கப்பெற்றுள்ளது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 'இஸ்கி' என்னும் குறியீட்டு முறை 1980-களில் உருவாக்கப்பெற்றது. தேவநாகரி எழுத்துகளின் வரிசையே அதற்கு அடிப்படை. எல்லா மொழிகளிலும் ஒத்த ஒலிகள் ஒத்த இடத்தில் நின்றால், ஓர் எழுத்துமுறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எளிது என்பது அவ்வமைப்பின் நோக்கம். தேவநாகரியில் இல்லாத தமிழெழுத்துகளுக்கு, ஒலியால் நெருங்கிய எழுத்தின் பக்கத்தில் இடம் தரப்பட்டது. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், ளகரத்தை அடுத்து ழகரமும் அமர்ந்தன. 1991-இல் வெளிவந்த யூனிகோடு, 1988-ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பை ஏற்றுக்கொண்டமையால், உலகளாவிய குறியீட்டிலும் இவ்வரிசையே நிலைத்தது.

அதன்படி ந 2984, ன 2985, ப 2986 என்னும் எண்களைப் பெறுகின்றன. ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997 என்பன அடுத்தவை. தொல்காப்பியரின் இறுதி எழுத்தாகிய னகரம் பகரத்துக்கு முன்னே போயிற்று; அதன் இணையான றகரம் ரகரத்தின் அருகில் ஒதுங்கிற்று. நன்னூலார் சொன்ன இனம் இவ்வாறு பிரிக்கப்பட்டது.

எழுத்தைச் சேமிப்பதற்கு இந்த எண்கள் போதும். அவற்றால் தீங்கொன்றும் இல்லை. அந்த எண்களையே வரிசைக்கும் அளவுகோலாகக் கொள்ளும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது.

குறிஞ்சியின் இடம்

கபிலர் கூறிய பூக்களுள் குகரத்தில் தொடங்கும் ஆறினை எடுத்துக்கொள்வோர், அவற்றைத் தமிழ் முறைப்படி இவ்வாறு அடுக்குவர்: குடசம், குருந்து, குல்லை, குவளை, குளவி, குறிஞ்சி.

இதே ஆறினை எண்முறைப்படி அடுக்கும் மென்பொருள் தரும் வரிசை வேறு: குடசம், குருந்து, குறிஞ்சி, குல்லை, குளவி, குவளை.

ஆறாவதாக நிற்க வேண்டிய குறிஞ்சி மூன்றாவதாகின்றது. குவளையும் குளவியும் இடம் மாறுகின்றன. ஆறு பெயரே உள்ள பட்டியலில் இது பெரும்பிழையாகத் தோன்றாது. ஆறாயிரம் பெயருள்ள பட்டியலில், பக்கத்துக்கு இருபதாகத் தேடல் முடிவுகளைக் காட்டும் திரையில், குறிஞ்சியைக் கடைசிப் பக்கங்களில் தேடுவோன் அதனைக் காணான். 'இல்லை' என்று முடிவு செய்து எழுந்து போவான்.

ஊர்ப்பெயர்களிலும் இதுவே நிலை. கடலூர், கம்பம், கரூர், கல்வராயன்மலை, கழுகுமலை, கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்பது தமிழ் வரிசை. எண்முறையிலோ, கன்னியாகுமரி கடலூரை அடுத்து இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். கள்ளக்குறிச்சி கழுகுமலையை முந்திவிடும். 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியைப் பட்டியலில் தேடும் முதியவர் ஒருவர், ழகரத்தைக் கடந்து ளகரத்தைத் தேடுவாரேயன்றி, முன்னே திரும்பிப் பாரார். பிழை செய்தது மென்பொருள். தமக்குக் கணினி தெரியவில்லை என்று நாணுபவர் அம்முதியவர்.

புள்ளியால் வரும் பிழை

மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னே நிற்பது அகராதி மரபு. கல், கல்வி, கலம், கலை என்பது பேரகராதி காட்டும் ஒழுங்கு. கணினியில் புள்ளிக்குத் தனி எண் உண்டு, அது 3021. 3006 முதல் 3020 வரை அமைந்த உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் அது பிற்பட்டது. ஆகவே எண்முறையில் கலம், கலை, கல், கல்வி எனத் தலைகீழாகின்றது. பக்கம், பகல், பகை என நிற்க வேண்டியவை பகல், பகை, பக்கம் என மாறுகின்றன. தமிழ்ச் சொற்களில் புள்ளியெழுத்து மிகுதியாகப் பயில்வதால், றகர னகரங்களால் வரும் பிழையினும் புள்ளியால் வரும் பிழை மிகுதி.

ஆய்தத்தின் எண் 2947. அகரத்தின் எண் 2949. தமிழ்ச்சொல்லின் முதலில் ஆய்தம் வாராது. ஆதலின் பழஞ்சொற்களில் இவ்வேறுபாடு வெளிப்படுவதில்லை. பிறமொழி ஒலியைக் குறிக்க ஆய்தத்தை முதலில் இட்டு எழுதும் இக்காலப் பெயர்களோ, அம்மாவுக்கும் முன்னே போய்ப் பட்டியலின் தலையில் அமர்கின்றன.

உள்ளதும் இல்லையெனல்

வரிசை மாறுவதால் கண்ணுக்கு இடர் விளைவது ஒருபுறம். கணினி தானே ஏமாறுவது மற்றொருபுறம். பெரிய பட்டியலில் ஒரு பெயரைத் தேடும் மென்பொருள், ஒவ்வொன்றாகப் பாராமல், நடுப்பெயரை முதலில் பார்க்கும். தேடும் பெயர் அதற்கு முற்பட்டதாயின் பிற்பாதியைத் தள்ளும். பிற்பட்டதாயின் முற்பாதியைத் தள்ளும். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்து விரைவில் விடை காணும். பட்டியலை அடுக்கிய முறையும் தேடும் முறையும் ஒன்றாயிருந்தால்தான் இவ்வழி செல்லும்.

மேற்கூறிய ஆறு பூக்களோடு வாகையையும் சேர்த்து, ஏழினையும் எண்முறையில் அடுக்கி வைத்ததாகக் கொள்க. நடுவில் நிற்பது குல்லை. தமிழ்முறை அறிந்த மற்றொரு மென்பொருள் அங்கே குறிஞ்சியைத் தேடுகின்றது. குறிஞ்சி குல்லைக்குப் பிற்பட்டது என்று அது முடிவு செய்து, முற்பாதியைத் தள்ளிவிடும். எஞ்சியவை குளவி, குவளை, வாகை. அவற்றில் குறிஞ்சி இல்லை. தள்ளப்பட்ட முற்பாதியில் குறிஞ்சி இருக்கவே, 'அத்தகைய பெயர் இல்லை' என்று கணினி விடை கூறும். பூவின் பெயராயின் அறிஞர் வேறு வழியில் சரிபார்ப்பர். நூலகப் பட்டியலிலோ, தேர்வு முடிவிலோ, உதவித்தொகைப் பட்டியலிலோ ஒருவர் பெயர் இவ்வாறு மறைந்தால், அவர்க்கு நேரும் இழப்பு சிறிதன்று.

எழுதும் முறையாலும் தேடல் தவறும். 'கொ' என்பதனைக் ககரத்தோடு 3018 என்னும் ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம்; 3014, 3006 என்னும் இரு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று யூனிகோடும் விதித்துள்ளது. அவ்விதியைப் பின்பற்றாத மென்பொருள், ஒன்றைத் தேடும்போது மற்றொன்றைக் காட்டாது.

பாரி மகளிர்க்கு இத்திருக்கோவலூரில் மணம் முடித்ததாக மரபு கூறும் ஔவையார்க்கும் இந்த நிலையே. ஔகாரம் தனியெழுத்து, எண் 2964. பலர் அதனை ஒகரமும் ளகரமுமாக இரண்டெழுத்தாய்த் தட்டிவிடுகின்றனர். திரையில் வேறுபாடு தெரிவதில்லை. கணினிக்கோ முன்னவர் ஔவையார். பின்னவர் 'ஒளவையார்' என்னும் வேறொருவர். 'அவ்வையார்' மூன்றாமவர். இவ்வூர்ப் பெயரும் திருக்கோவலூர், திருக்கோவிலூர், திருக்கோயிலூர் என மூவகையாக எழுதப்படுகின்றது. ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றவற்றையும் காட்டுவதே மொழியறிந்த தேடலாகும்.

தீர்வு யாது?

எண்களை மாற்றியமைத்தால் போதாதா என்ற வினா எழுதல் இயல்பே. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. மாற்றினால் இதுவரை எழுதிச் சேமித்தவை யாவும் குழம்பும். தமிழெழுத்து அனைத்தையும் முறைப்படி நிறுத்திய பதினாறு துண்மிக் குறியீடு ஒன்று, 'டேஸ் 16' என்னும் பெயரில் அமைக்கப்பெற்றது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் இதனையும் தரமாக அறிவித்தது. எனினும் உலகெங்கும் பரவிப் புழங்குவது யூனிகோடே. ஆதலின் எண்ணை மாற்றாமல் வரிசையைச் சீராக்கும் வழியே நடைமுறைக்கு உகந்தது.

அவ்வழி எளியது. சேமிக்கும் எண் வேறு, வரிசைக்குரிய எடை வேறு எனப் பிரித்துவிட வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் தமிழ் முறைப்படி ஓர் எடை தந்து, ஒப்பிடும்போது அவ்வெடையை மட்டும் பார்க்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்து, உயிரை முன்னும் மெய்யைப் பின்னும் வைத்து ஒப்பிட்டால் போதும் என்று சிலர் கருதுவர். அவ்வாறு செய்தால், லகர மெய்யின்பின் 'கலம்' என்பதில் அகர உயிரும், 'கல்வி' என்பதில் வகர மெய்யும் ஒப்பிடப்படும். உயிர் முற்பட்டதாதலின் கலம் கல்வியை முந்திவிடும். அகராதி மரபு அதுவன்று. ஆகவே புள்ளியையும் ஒரு குறியாகக் கொண்டு, அகரத்தினும் குறைந்த எடையை அதற்கு அளிக்க வேண்டும். அப்போது ல், ல, லா, லி என ஒழுங்கு அமையும். ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகள், பேரகராதியில் போலவே, னகரத்துக்குப்பின் நிற்கும்.

யூனிகோடு அமைப்பினர் பேணிவரும் மொழிவழக்குத் தரவுத் தொகுதியில், மெய்யெழுத்தை முன்னிறுத்தும் தமிழ் வரிசைவிதி இடம் பெற்றுள்ளது. மென்பொருள் வல்லுநர் அவ்விதியைத் தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்யாது விட்டால், பல மென்பொருள்கள் வெறும் எண்முறைக்கே திரும்பிவிடும். ஆகவே இன்றைய குறை அறிவின்மையால் வந்ததைவிடக் கவனமின்மையால் வந்ததே மிகுதி. கேட்பவர் இல்லாத இடத்தில் கவனம் பிறப்பதில்லை.

பிறமொழியாளர் செய்தது

இத்துன்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்திலும் பெரிய எழுத்துகளுக்கு 65 முதல் 90 வரையும், சிறிய எழுத்துகளுக்கு 97 முதல் 122 வரையும் எண் உண்டு. வெறும் எண்முறையில், பெரிய எழுத்தில் தொடங்கும் கடைசிப் பெயர்கூடச் சிறிய எழுத்தில் தொடங்கும் முதற்பெயருக்கு முன் நிற்கும். ஆங்கிலேயர் அதனைப் பொறுத்திருக்கவில்லை. இரு புள்ளி இட்ட அகர எழுத்தைச் செருமானியர் அகரத்தோடு வைக்கின்றனர்; சுவீடியர் நெடுங்கணக்கின் இறுதியில் வைக்கின்றனர். ஒரே எழுத்து, இரு மொழிகளில் இரு இடம். இரண்டையும் கணினி மதிக்கின்றது. இசுப்பானிய மொழியில் 'சே', 'எல்யே' என்னும் இரட்டையெழுத்துகள் தனியெழுத்தாக வரிசை பெற்றிருந்தன. 1994-இல் அம்மொழிக் கழகங்களின் பேரவை கூடி, அவற்றை உரிய முதலெழுத்தின்கீழ் அடக்க முடிவு செய்தது. வரிசையை மாற்றியது கணினியன்று. மொழிக்குரியோர் கூடி மாற்றினர். தம் எழுத்துமுறையைத் தீர்மானிக்கும் உரிமை மொழிக்குரியோர்க்கே உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

செய்யத்தக்கன

தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து முன் நிற்பதால் வேறொரு சிக்கலும் உண்டு. உ. வே. சாமிநாதையரை உகரத்தில் தேடுவதா, சாகாரத்தில் தேடுவதா? 'சாமிநாதையர், உ. வே.' என மாற்றி எழுதுவது நூலகத்தார் வழக்கம். இத்தகைய வழக்கங்களை முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவைக்காத பட்டியல், எத்துணை நல்ல மென்பொருளிலும் சீர்ப்படாது.

இலக்கிய அமைப்புகள் இதில் செய்யத்தக்க பணி அரிதன்று. தம் மலர்களுக்கும் நூல்களுக்கும் சொல்லடைவு, பெயரடைவு அமைக்கும்போது, கணினி தந்த வரிசையை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். நூலகத்துக்கோ அலுவலகத்துக்கோ புதிய மென்பொருள் வரும்போது, கல், கல்வி, கலம், கலை என்னும் நான்கு சொற்களையும், குல்லை, குவளை, குளவி, குறிஞ்சி என்னும் நான்கு பூக்களையும் அதனிடம் கொடுத்து அடுக்கச் சொல்லலாம். அவை இவ்வொழுங்கில் திரும்பி வந்தால் அம்மென்பொருள் தமிழ் அறிந்தது. வாராவிடின் திருத்தித் தருமாறு கேட்கலாம். இத்தேர்வை நடத்தப் பொறியியல் பட்டம் வேண்டுவதில்லை. நெடுங்கணக்கு அறிந்த பள்ளி மாணவனே போதும்.

நெடுங்கணக்கை மனப்பாடம் செய்வது பழைய கல்வி என்று ஒதுக்கப்படும் காலம் இது. கணினியின் பிழையைக் கண்டுபிடிக்க உதவுவது அந்தப் பழைய கல்வியே என்பது எண்ணத்தக்கது. உதிர்ந்த பூக்களின் பெயரை ஏடு ஏடாகத் தேடி மீட்டவர் வழிவந்தவர்கள், கையில் உள்ள பூவின் பெயர் வரிசை தவறி மறைவதைப் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. கபிலர் பாடிய குறிஞ்சி, தமிழர் தேடும் இடத்தில் தமிழர்க்குக் கிடைத்தல் வேண்டும்.